மிதக்கிற கயிறு

வலது தோள் காலை நாலரைக்கே எழுந்துவிட்டது. நான் ஐந்தரைக்குத்தான் எழுந்தேன். நடுவில் ஒரு மணி நேரம் அது மட்டும் விழித்துக்கொண்டு, எலும்புக்குள் யாரோ திருப்புளியை விட்டுத் திருகுகிற மாதிரி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சாபிரா தைலம் தேய்த்துவிட்டாள். கட்டியவள் தேய்த்தால் வாயும் சேர்ந்துதான் வேலை செய்யும்.

"டாக்டராண்ட போவவே மாட்டியா?"

"போனா இன்னா சொல்லுவாரு? மரம் ஏறாதம்பாரு. அது எனக்கே தெரியும்."

"அப்ப நீலாகிட்டயாவது சொல்லு. கீழ நிக்கிறவளுக்குத் தெரிய வாணாமா?"

"இன்னிக்குதான் அவளுக்கு மொத பெரிய மரம். இன்னிக்குப் போயி தோளு வலிக்குதுன்னு சொன்னா பயந்துடும் அந்தப் பொண்ணு."

நீலா பயப்படுகிற ஆள் இல்லை என்று எங்கள் இருவருக்குமே தெரியும். சாபிரா தைல பாட்டிலை மூடிவிட்டுப் போய்விட்டாள்.

மரம் வெட்டுகிறவன் என்று என்னைச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். அடியில் நின்று வெட்டிச் சாய்க்க யாருக்கும் தெரியும். நான் மேலே ஏறி, உளுத்த கிளையை மட்டும் அறுத்து, கீழே இருக்கிற கூரைக்கும் கரண்டு கம்பிக்கும் சேதமில்லாமல் கயிற்றில் கட்டி இறக்குகிறவன். மரம் பிழைத்துக்கொள்ளும். கூரை பிழைத்துக்கொள்ளும். நானும் இருபது வருடமாகப் பிழைத்திருக்கிறேன். இதில் ரம்பம் பிடிக்கிறவனுக்குப் பேர் வரும். ஆனால் எல்லார் உசிரும் கீழே கயிறு பிடிக்கிறவர் கையில். அறுபட்ட கிளையின் பாரத்தை அடிமரத்தில் மூன்று சுற்று சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இறக்க வேண்டும். வேகமாக விட்டாலும் கேடு, விடாமல் பிடித்தாலும் கேடு.

நீலா நெட்டுக்குப்பத்துப் பெண். முப்பத்துநாலு வயது. கழிமுகத்தில் அண்ணன் படகைக் கரையேற்ற, வலைக் கயிறு இழுக்க என்று சின்ன வயதிலிருந்தே கயிற்றோடு வளர்ந்தவள். மீன் குறைந்த பிறகு எட்டு மாதமாக என்னோடு வருகிறாள். முடிச்சு போட அவளுக்கு நான் எதுவும் சொல்லித்தரவில்லை. என் இரண்டு முடிச்சுகளைப் பார்த்து, "இது இன்னா, ஜட்டி நாடாவா?" என்று கேட்டு மாற்றியவள் அவள்.

அன்றைய வேலை திருவொற்றியூரில், ரமாபாயின் மாவு மில் பக்கத்தில். பெரிய தூங்குமூஞ்சி மரம். போன புயலில் ஒரு கிளை கவட்டையில் விரிசல் விட்டு, மில்லின் சிமென்ட் ஷீட் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. விழுந்தால் கூரை போகும், உள்ளே அரவை மிஷின் போகும், ரமாபாயின் சோறு போகும். மாநகராட்சியில் அனுமதி வாங்கி வேலையை எங்களுக்குக் கொடுத்தவர் கான்ட்ராக்டர் இசக்கிப்பாண்டி. தெற்கத்திக்காரர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. தொண்ணூறு கிலோவுக்குக் குறையாத உடம்பு.

அவர் நீலாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தார்.

"என்னடே கமாலு, இவ்வளவு பெரிய கொம்புக்குப் பொம்பளப் பிள்ளயவா கயிறு பிடிக்கக் கூட்டியாந்திருக்க?"

"ஆம்பளைங்க ரெண்டு பேரு புடிக்கிறத அது ஒண்டியா புடிக்கும் சார்."

"சரி, பாப்போம். ஒரு ஷீட்டு விரிசல் விட்டாலும், அடுத்த வேலைக்கு ஆம்பளையத்தான் கூட்டிட்டு வரணும். எண்ணூருல பதினாலு மரம் கெடக்கு, தெரியும்லா?"

இதை அவர் தனியாகத்தான் சொன்னார். ஆனால் அவருடைய தனிக்குரல் அடுத்த தெரு வரை கேட்கும். நீலா கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "ஷீட்ட எண்ணி வச்சுக்கோ நைனா. பதினெட்டு கீது. முடிஞ்சதும் பதினெட்டா திருப்பித் தரேன்."

மின்வாரியம் ஒன்பதிலிருந்து பதினொன்று வரை லைனை நிறுத்தித் தந்திருந்தது. கரண்டு இல்லாததால் மில்லும் ஓடவில்லை. கோதுமை டப்பாவும் அரிசிப் பாத்திரமுமாகப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் எதிர்ச் சுவர் நிழலில் குந்திவிட்டார்கள். காசு கொடுக்காமல் வேடிக்கை.

அப்போதுதான் நீலா புதுக் கயிற்றைப் பிரித்தாள். கிளை இறக்குகிற பழைய நைலான் கயிறு நைந்துபோய்விட்டது என்று போன வாரம் ஒதுக்கிவிட்டேன். "காசிமேட்டுல நல்ல கயிறா ஒண்ணு பாத்து வாங்கியா" என்று மட்டும் நீலாவிடம் சொன்னேன். எப்படிப்பட்ட கயிறு என்று சொல்லவில்லை. கயிற்றைப் பற்றி அவளுக்கே சொல்வதா என்று ஒரு நினைப்பு.

பச்சைக் கயிறு. அவள் அதன் ஒரு நுனியை ரமாபாயின் தண்ணீர் வாளியில் போட்டாள்.

"பாத்தியா கமாலு, ஸோக்கா மெதக்குது. முங்குற கயிறு இன்ஜின் விசிறில போயி சுத்திக்கும். எங்கண்ணன் மெதக்குற கயிறத் தவுர வேற தொட மாட்டான். கடையிலேயே இதுதான் ஒசத்தி."

கடலில் அதுதான் உசத்தி. மரத்தில் இல்லை. மிதக்கிற கயிறு பாரத்தோடு உரசினால் சூடேறி உருகும். முங்குகிற நைலான்தான் உரசலைத் தாங்கும். இது எனக்குத் தெரியும். வாளியைப் பார்த்த அந்த நொடியிலேயே தெரிந்தது.

கயிற்றைத் தூக்கித் தோளில் போட்டேன். பழைய கயிற்றில் பாதி கனம்கூட இல்லை. தோள் அதை வாங்கிக்கொண்டு, நாலரை மணியிலிருந்து முதல் தடவையாகச் சும்மா இருந்தது. "சரி, ஒரு கிளைதானே" என்று நினைத்தேன். நினைத்தது நான் இல்லை, தோள்.

"நல்ல கயிறு" என்றேன்.

ஏறினேன். தூங்குமூஞ்சி மரத்தின் இலையைத் தட்டினால் எங்கள் பக்கத்தில் சாம்பல் உதிரும். அனல் மின் நிலையம் எங்களுக்குத் தருகிற விபூதி. தும்மிக்கொண்டே மேல் கவட்டையில் என் ஏறுகயிற்றைப் போட்டு, இடுப்பு வாரை அடிமரத்தைச் சுற்றி மாட்டினேன். ரம்பம் ஓடும்போது ஆளுக்கு இரண்டு கட்டு. ஒன்று அறுந்தாலும் இன்னொன்று பிடிக்கும். இந்த ஒன்றில் நான் யாருக்காகவும் தளர்வு கொடுத்ததில்லை.

சின்னக் கொம்புகளைக் கழிக்க ஒரு மணி நேரம் போனது. ரமாபாய் கீழிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குரல் கொடுத்தாள்.

"யப்பா, மில்லு மேல போட்ராத!"

"போட்டா ஒனக்கு வெறகு மிச்சம்கா!"

"வெறகு மிச்சம், அரிசி யாரு அரைப்பா? ஒங்கப்பனா?"

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மணி பத்தேகால்.

பெரிய கிளையை மூன்று துண்டாக எடுத்திருக்க வேண்டும். நுனி, நடு, அடி. மூன்று தடவை கட்டி, மூன்று தடவை அறுத்து, மூன்று தடவை இறக்கி. தோள் மறுபடியும் முனகியது: ஒரே துண்டாகப் போதுமே. பச்சைக் கயிற்றை எனக்கு மேலிருந்த கவட்டை வழியாக விட்டு, கிளையின் அடியில் கட்டினேன். நீலா கீழே அடிமரத்தில் மூன்று சுற்று போட்டுப் பிடித்தாள். கிளை கூரைப் பக்கம் சாயாமல் தெருப் பக்கம் இழுக்க இன்னொரு கயிறு வேண்டும். அதைப் பிடிக்க ஆள் இல்லை. நீலா பார்த்தாள். இசக்கிப்பாண்டியைத் தவிர ஆம்பளை யாரும் இல்லை.

"சார், இதப் புடிங்க" என்றாள்.

"நானா?"

"ஆம்பளதான் வேணும்னியே நைனா."

அவர் வெள்ளைச் சட்டையோடு பிடித்தார்.

அறுத்தேன். கிளை முறிந்து, கவட்டையில் தொங்கி, என் காலுக்குக் கீழே ஊஞ்சல் ஆடியது. முந்நூறு கிலோவுக்குக் குறையாது. ரம்பத்தை நிறுத்தினேன். "வுடு, மெதுவா வுடு" என்றேன். நீலா விட்டாள். ஒரு முழம், இரண்டு முழம். அப்போது பிளாஸ்டிக் கவர் எரிகிற வாடை வந்தது.

கீழே ரமாபாய் அலறினாள். "ஐயோ, மில்லு மோட்டாரு எரியுது!"

"கரண்டே இல்லியேக்கா, மோட்டாரு எப்டி எரியும்?" என்றாள் ஒருத்தி.

எரிந்தது மோட்டார் இல்லை. என் தலைக்கு மேல் கவட்டையில் பச்சைக் கயிறு புகைந்துகொண்டிருந்தது. புரிகள் உருகி, கண்ணாடி மாதிரி பளபளத்து, ஒன்று அறுந்து சுருண்டது. கீழே அடிமரத்திலும் அதே கதைதான். மூன்று சுற்றும் வழுக்க ஆரம்பித்துவிட்டது. கிளை ஒரு முழம் தானாகவே இறங்கியது. நீலாவின் கைக்குள் கயிறு ஓடியதை மேலிருந்தே பார்த்தேன். அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தது நான்.

"இன்னா கயிற வாங்கியாந்த நீ! பொம்பள கையில கயித்தக் குடுத்தா இப்டித்தான் ஆவும்!"

என் தொண்டை ரம்பச் சத்தத்தில் பேசிப் பழகியது. தெரு முழுக்கக் கேட்டது. சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். இசக்கிப்பாண்டி தலையை ஆட்டிக்கொண்டார்.

நீலா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இடது கையால் நாலாவது சுற்று, ஐந்தாவது சுற்று போட்டு, படகைத் துறையில் கட்டுகிற முடிச்சு ஒன்றை இறுக்கினாள். கிளை நின்றது. கூரைக்கும் அதற்கும் நடுவே நாலடி.

"கட்டிட்டேன்" என்றாள் அமைதியாக. "மேல எவ்ளோ நேரம் தாங்கும்?"

"தாங்காது."

"அப்ப ஒன் கயிற அவுரு."

அவள் சொன்னது சரி. பையிலிருந்த மாற்றுக் கயிற்றை மேலே அனுப்ப நேரமில்லை. என் ஏறுகயிறு நைலான். இடுப்பு வாரை மட்டும் நம்பி, ஏறுகயிற்றை அவிழ்த்தேன். வாரைத் தளர்த்தி இரண்டடி இறங்கி, தொங்குகிற கிளையின் அடியைக் கட்டிப்பிடித்த மாதிரி படுத்து, நைலானை அதில் கட்டினேன். மறுமுனையை இன்னொரு கவட்டையில் போட்டுக் கீழே எறிந்தேன். தோள் என்ன சொன்னது என்று இங்கே எழுத முடியாது.

நீலா அதை அடிமரத்தின் மறுபக்கம் சுற்றினாள். "சார், நல்லா இஸ்து புடி!" என்று இசக்கிப்பாண்டிக்கு ஒரு அதட்டல். பாரம் நைலானுக்கு மாறியது. பச்சைக் கயிறு கவட்டையில் பட்டென்று அறுந்து, பாம்பு மாதிரி கீழே விழுந்தது. அந்த நேரத்தில் கிளை ஒரு சாண்தான் இறங்கியது.

பிறகு முழம் முழமாக. மில் கூரையின் ஓரத்தை இலைகள் மட்டும் பெருக்கிவிட்டுப் போயின. கிளை தெருவில் உட்கார்ந்தபோது மணி பத்து முப்பத்தைந்து.

நீலா மெதுவாக நடந்துபோய் ஷீட்டை எண்ணினாள். "பதினெட்டு" என்று இசக்கிப்பாண்டியிடம் சொன்னாள். பிறகு கையுறையைக் கழற்றினாள். வலது உள்ளங்கையில் கையுறைத் துணி, உருகிய கயிற்றோடு சேர்ந்து ஒட்டியிருந்தது. தோல் சிவந்து வெளுத்துக் கிடந்தது. ரமாபாய் ஒரு பிடி மாவோடு ஓடி வந்தாள்.

"மாவ வைக்காதக்கா, தண்ணி குடு" என்று சொல்லி, கையிரண்டையும் அந்த வாளிக்குள் விட்டுக்கொண்டு குந்தினாள்.

நான் மேலே இருந்தேன். முப்பதடி உயரம். இடுப்பில் வார் மட்டும். இறங்கக் கயிறு இல்லை. வெறுங்காலில் தழுவி இறங்குகிற வயதும் இல்லை, தோளும் இல்லை.

"நீலா" என்றேன்.

யாரோ அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். கையை வாளியிலேயே வைத்திருந்தாள். ஒருத்தி புகட்டிவிட்டாள்.

"நீலா, பையில மாத்துக் கயிறு கீது. தூக்கிப் போடு."

கால் மணி நேரம் ஆகட்டும் என்று கையை வாளியில் வைத்திருந்துவிட்டு, நிதானமாக நிமிர்ந்தாள்.

"பொம்பள கையால போட்ட கயிறு ஒனக்கு ஆவுமா மாமு?"

எதிர்ச் சுவர் நிழல் முழுக்கச் சிரித்தது. ஒரு கிழவி, பொக்கை வாயால், "ஆம்பளக் கயிறு வர்ற வரைக்கும் அங்கியே குந்தியிருக்கட்டும்டி" என்றாள். "காக்காவுக்குத் தொணையா இருக்கும்" என்றாள் இன்னொருத்தி. ரமாபாய் எனக்கு இட்லி வேணுமா என்று கேட்டாள். வேணும் என்றேன். வந்து வாங்கிக்கோ என்றாள்.

"சொல்லிடு" என்றாள் நீலா. இப்போது சிரிக்கவில்லை. "நான் வாங்குனது தப்புக் கயிறு. சரி. எனக்கு மரத்துக் கணக்குத் தெரியாது, கடல் கணக்குதான் தெரியும். ஒனக்குத் தெரியுமில்ல? வாளில மெதந்தத நீயும்தான் பாத்த."

கீழே எல்லா முகமும் என்னை அண்ணாந்து பார்த்தது. இசக்கிப்பாண்டியும் பார்த்தார். சொல்ல வேண்டியது நாலு வார்த்தை. வாயைத் திறந்தேன்.

"பசிக்குது நீலா" என்றேன்.

அவள் எழுந்துபோய்ப் பையைத் திறந்தாள். பிறகு பைக்குள்ளிருந்து தூண்டில் நரம்பும் ஈயக்குண்டும் எடுத்தாள். குண்டை இடது கையால் இரண்டு சுற்று சுழற்றி விட்டாள். நரம்பு என் முகத்துக்கு முன்னால் கவட்டையில் வந்து விழுந்தது. இழுத்தேன். அதன் வாலில் மாற்றுக் கயிறு ஏறி வந்தது.

"ஆள மரத்துல வச்சுகினு பேரம் பேசறது தொழிலுக்கு அடுக்காது" என்றாள். "எறங்கு. கடனா வச்சுக்கோ. அப்பால சொல்லு."

கட்டினேன். எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. ஆள் இறங்குகிற கயிற்றில் முதலில் கீழே இருக்கிறவர் தொங்கிப் பார்க்க வேண்டும். நீலாவால் அன்று கயிற்றைப் பிடிக்க முடியாது. அவள் திரும்பினாள்.

"நைனா, வா. தொங்கு."

"நான் எதுக்கும்மா?"

"தொண்ணூறு கிலோவுக்கு இந்தத் தெருவுல வேற யாரு கீறா?"

இசக்கிப்பாண்டி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெள்ளைச் சட்டையோடு, இரண்டு கால்களையும் மடக்கிக்கொண்டு கயிற்றில் தொங்கினார். ஒரு சுற்று சுற்றியும் வந்தார். பெண்கள் டப்பாவில் தாளம் தட்டினார்கள். அத்தனையிலும் அவர் முகத்தில் கொஞ்சம் சந்தோஷம் இருந்ததை நான் மேலிருந்து பார்த்தேன்.

நான் தரையைத் தொடவும் கரண்டு வரவும் சரியாக இருந்தது. மில் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. பெண்கள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே முண்டியடித்தார்கள். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே கேட்காது. இந்தச் சத்தத்தில் சொன்னால் சொன்னதாகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல சாக்கு. நீலாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். ஆட்டோவில் தோள் விஷயத்தைச் சொன்னேன். கயிறு லேசாக இருந்ததால்தான் வாயை மூடிக்கொண்டேன் என்றும் சொன்னேன்.

"இத ஆட்டோக்காரருக்கும் எனக்கும் சொல்லி இன்னா பிரயோஜனம்?" என்றாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துத் தலையாட்டினார். "தெருவுல போட்டத தெருவுலதான் எடுக்கணும்."

இது நடந்து பன்னிரண்டு நாள். நீலாவின் கையில் புதுத்தோல் வந்துவிட்டது. நேற்று இருவரும் காசிமேட்டுக்குப் போய்க் கயிறு வாங்கினோம். கடையிலேயே ஒரு வாளித் தண்ணீர் கேட்டாள். கயிறு கல் மாதிரி முங்கியது. "எங்கண்ணன் பாத்தா வூட்ட வுட்டுத் தொரத்திடுவான்" என்று சொல்லிச் சுருட்டிக்கொண்டாள். தோளுக்கும் வைத்தியம் நடக்கிறது. டாக்டர் நான் நினைத்ததையேதான் சொன்னார். ஒரு மாதம் ஏறக் கூடாதாம். அதுவரை நான் நீலாவோடு கீழே, இன்னொரு ஆள் மேலே.

இசக்கிப்பாண்டிக்கு போன் போட்டு, தப்பு என் பேரில் என்று சொன்னேன். எண்ணூர் வேலைக்கு நீலாவைத்தான் கூட்டி வருவேன் என்றேன்.

"என்கிட்ட சொல்லி என்னடே ஆவப்போவுது? நான்தான் அந்தக் கயித்துலயே தொங்குனேன்லா" என்றார். "ஆனா அந்தத் தெரு வேற பேசுது. கயிற விட்டுப்புட்டாளாமே அந்தப் பொண்ணுன்னு, எண்ணூருல மரம் வச்சிருக்கவனே என்கிட்ட கேக்கான். நீ போட்ட சத்தம் அங்கவரைக்கும் போயிருக்கு. மொதல்ல அத நிப்பாட்டு. பெறவு கூட்டிட்டு வா."

மில்லுக்கு மூன்று தடவை போய்விட்டேன். முதல் தடவை மில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது தடவை ஒரே ஒரு பெண்தான் நின்றாள். மூன்றாவது தடவை கூட்டமும் இருந்தது, மில்லும் ஓடவில்லை. கோதுமையைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் ஆறு கிலோ மாவு சேர்ந்துவிட்டது. மூன்று வேளையும் சப்பாத்தி. சாபிரா தட்டில் போடும்போதெல்லாம் என் முகத்தைப் பார்க்கிறாள்.

நான் நீலாவுக்குத் தர வேண்டியது இதுதான்: கயிறு மிதந்ததைப் பார்த்தேன், தெரிந்தே ஏறினேன், தப்பு என்னுடையது. இதை ரமாபாய் மில் வாசலில், டப்பாவோடு ஆள் நிற்கிற நேரத்தில், மில் ஓடாதபோது, மரத்தின் மேலிருந்து கத்தின அதே சத்தத்தில் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.